பத்து நாளைக்கு ஒரு டம்ளர்

"மூணாவதும் செத்துப்போச்சு," என்றார் எஸ்தர்மணி.

யோகேஸ்வரி நிமிரவில்லை. நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்ன மாதிரிதான் வச்சேன். வெயில் படுற இடம். எரு கம்மி. தண்ணி தேங்காத மண்ணு. ஒண்ணுலயும் குறை வைக்கல."

"ம்."

"ம்முன்னா என்ன அர்த்தம்?"

"வேரு எப்படி இருந்துச்சு சிஸ்டர்?"

"போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளையா, திடமா..."

எஸ்தர்மணி நிறுத்திக்கொண்டார்.

இப்போதுதான் யோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"மண்ணுக்குள்ள இருக்குற வேரு வெள்ளையா இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கைப்பையிலிருந்து ஒரு நோட்டு வந்தது. எஸ்தர்மணி முப்பத்தி நான்கு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கட்டிலின் காலடியில் ஒரு சார்ட் தொங்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. செடிக்கும் ஒரு சார்ட் எழுதியிருந்தார். காலை எத்தனை இலை, மாலை எத்தனை இலை, தண்டு எத்தனை விரற்கடை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு கட்டம்: வேர்.

"வாரம் ஒரு தடவைதான். கோயிலுக்குப் போயிட்டு வந்து, மெதுவா எடுத்துப் பாத்துட்டு, திரும்ப அப்படியே நட்டுடுவேன்."

யோகேஸ்வரி நோட்டைப் புரட்டினாள்.

"வெறுங்கையால தொடல," என்றார் எஸ்தர்மணி. "கையுறை போட்டுத்தான்."

*

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தேழு. சிஷ்யைக்கு அறுபத்தொன்று. குரு என்று சொன்னால் யோகேஸ்வரி அடிக்க வருவாள். கோத்தகிரியில் சரிவான ஒரு துண்டு நிலத்தில் நாற்று வளர்த்து விற்பவள் அவள், அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் கிடையாது. அதனால் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் வாங்கினார்கள். மீதிப் பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

எஸ்தர்மணி கோபித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பூச்செடி. எக்கினேசியா என்று பலகையில் எழுதியிருக்கும். வாயில் நுழையாததால் எல்லோரும் கூம்புப்பூ என்பார்கள். நடுவில் முள்முள்ளாக ஒரு பழுப்புக் கூம்பு, அதைச் சுற்றிக் கீழ்நோக்கித் தொங்கும் ஊதா இதழ்கள். ஒருமுறை வேர் பிடித்தால் வருஷாவருஷம் அதே இடத்தில் வரும்.

"வேற பூ வச்சா என்ன? ஜெரேனியம் கொண்டு போங்க, யாரு கையிலயும் சாகாது," என்றாள் யோகேஸ்வரி.

"அவரு இதைத்தான் பாத்தாரு."

அவர் என்றால் ஜெயசிங், எஸ்தர்மணியின் கணவர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். விசில் ஊதி யாரும் பார்த்ததில்லை. அவர் கூப்பிட்டால் மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிற பையன் நிற்பான். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஷேவிங் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி சாய்ந்துவிட்டார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

ஆறு மாதமாக அவர் எதையும் பார்ப்பதில்லை. கண் திறந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி முடிந்து ஆட்டோவில் வரும்போது, யோகேஸ்வரியின் வேலியோரம் வண்டி ஐந்து நிமிஷம் நின்றது. அந்த ஐந்து நிமிஷமும் ஜெயசிங் கூம்புப்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பியதும் தலையைத் திருப்பி மறுபடி பார்த்தார்.

எஸ்தர்மணி அன்றைக்கே வந்து முதல் செடியை வாங்கிப் போனார்.

*

"பேச்சு சுத்தமா வரலியா?" என்று கேட்டாள் யோகேஸ்வரி.

"வந்துச்சு. நாலாவது மாசத்துல ஒரு நாள், தண்ணின்னாரு. தெளிவா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன். சொன்னாரு. ஓசூர்ல இருக்குற மகளுக்குப் போன் போட்டு, வாய்கிட்ட வச்சுச் சொல்ல வச்சேன். பாஸ்டர் வந்தாரு, அவருக்கும் சொன்னாரு. பழகினாத்தானே நாக்கு திரும்பும்? அப்புறம் என்னமோ நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது."

"மொத்தம் எத்தனை தடவை சொல்ல வச்சீங்க?"

"இருபத்திரண்டு."

யோசிக்காமல் சொன்னார். அதுவும் ஒரு நோட்டில் இருந்தது.

"தண்ணி குடுத்தீங்களா?"

எஸ்தர்மணி விழித்தார்.

"அன்னைக்கு. அவரு தண்ணி கேட்டாருல்ல. குடுத்தீங்களா?"

"குடுத்திருப்பேன்," என்றார் எஸ்தர்மணி. பிறகு, "ஞாபகம் இல்ல," என்றார்.

யோகேஸ்வரி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு வந்து இடது கையை நீட்டினாள்.

"நாடி பாருங்க."

"உனக்கு என்ன செய்யுது?"

"பாருங்க சிஸ்டர்."

எஸ்தர்மணி மணிக்கட்டைப் பிடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எழுபத்திரண்டு. நல்லாத்தான் இருக்கு."

"விடாதீங்க. பாத்துக்கிட்டே இருங்க."

அப்படியே உட்கார்ந்து யோகேஸ்வரி வேலையைத் தொடர்ந்தாள், ஒற்றைக் கையால். மண்ணை அள்ளினால் பை சாய்ந்தது. பையை நிமிர்த்தினால் மண் கொட்டியது. ஒரு நாற்றை எடுத்து வைக்கும்போது தண்டு ஒடிந்தது.

"நான் விடுறேன். நீ வேலையைப் பாரு."

"விட்டா நாடி நின்னுட்டா?"

"அதெப்படி நிக்கும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பிடிங்க."

இன்னொரு நாற்று ஒடிந்தது. அரை மணி நேரத்தில் நான்கு பைதான் நிரம்பியது. மேகம் இறங்கி, எதிர்ச் சரிவின் தேயிலை மறைந்துபோயிற்று.

"யோகேஸ், கை மரத்துப்போச்சும்மா."

"யாரு கை?"

"என் கைதான்."

யோகேஸ்வரி கையை விடுவித்துக்கொண்டாள். மறுபடி மண் அள்ளப் போய்விட்டாள்.

எஸ்தர்மணி வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தார். ஒரு செடி வளர்க்கச் சொல்லித் தரத் துப்பில்லை, இதில் நாடி வேறு. திமிர் பிடித்த பெண். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜெயசிங்கின் கட்டிலுக்குப் போனார்.

"வலது விரலை அசைங்க பாப்போம். ஒண்ணே ஒண்ணு. எங்க?"

ஜெயசிங் கண்ணை மூடிக்கொண்டார்.

*

உறைபனி விழுந்த வாரத்தில் மறுபடி வந்தார்.

யோகேஸ்வரி அவரைக் கூம்புப்பூப் பாத்திக்குக் கூட்டிப் போனாள். பூ ஒன்றும் இல்லை. கறுத்துக் காய்ந்த தண்டுகள், உச்சியில் கறுத்த கூம்புகள். ஒரு கூம்பில் சின்னக் குருவி ஒன்று தலைகீழாகத் தொங்கி விதை கொத்திக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றீங்க சிஸ்டர்?"

எஸ்தர்மணி குனிந்து பார்த்தார். ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்தார். நொறுங்கியது.

"போயிருச்சு," என்றார். வார்டில் எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே குரல்.

யோகேஸ்வரி பாத்தியிலிருந்து ஒரு மண்சட்டியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். அதில் மண்தான் இருந்தது. தண்டுகூடக் கிடையாது.

"இதுல செடி இருக்கா?"

"பத்து நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணி. அதுக்கு மேல ஊத்தினா அழுகிடும். வெயில்ல வைங்க. மண்ணுல விரல் படக் கூடாது. பட்டுச்சுன்னா சட்டியைத் திருப்பிக் கொண்டு வந்துடணும்."

"செடி இருக்கான்னு கேட்டேன்."

"இருக்கலாம்."

"இருக்கா இல்லையான்னு தெரியாம எப்படிம்மா தண்ணி ஊத்துறது?"

"டம்ளர்லதான்."

ஆறாவது நாள் எஸ்தர்மணி சட்டியோடு வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"தொட்டுட்டேன்."

யோகேஸ்வரி அதை வாங்கிக்கொண்டு வேறொரு சட்டி கொடுத்தாள். அதுவும் மண்தான்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார்.

"விரல் படக் கூடாதுன்னுதானே சொன்னே? நான் கொண்டை ஊசியாலதான் லேசா..." என்று ஆரம்பித்தார். தனக்கே கேட்கச் சகிக்காமல் பாதியில் விட்டுவிட்டார்.

யோகேஸ்வரி மூன்றாவது சட்டியை எடுக்கப் போனாள்.

"எதாவது தட்டுப்பட்டுச்சா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"பட்டுச்சு. வேரா கல்லான்னு தெரியல."

அடுக்கி வைத்திருந்த சாக்கு மூட்டைகளின் மேல் எஸ்தர்மணி உட்கார்ந்தார். கால் விண்விண் என்று தெறித்தது. இரண்டு மணிக்கொரு தரம் ஜெயசிங்கைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். இத்தனை மாதமாக ஒரு நாளும் எஸ்தர்மணி மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. கோயிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதே தூங்கிவிடுகிறார். பக்கத்தில் நிற்பவர்கள் ஜெபத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

"எனக்கு முடியல யோகேஸ்," என்றார். "நான் செய்யாத சிகிச்சை இல்ல. மணிக்கணக்கு தவறினது இல்ல. பாத்துக்கிட்டே இருக்கேன். பாத்துக்கிட்டே..."

யோகேஸ்வரி சட்டியோடு வந்தபோது அவர் மூட்டைமேல் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் சட்டியைக் கீழே வைத்தாள். ஒரு காலிச் சாக்கை எடுத்து அவர்மேல் போர்த்தினாள். பிறகு வேலைக்குப் போய்விட்டாள்.

*

எஸ்தர்மணி விழித்தபோது வெயில் மேற்கே போயிருந்தது.

"மணி என்ன?"

"மூணே கால்."

"பன்னிரண்டுக்கு வந்தேன்! அரை மணி நேரத்துல வந்துடுறேன்னு சொல்லிட்டு வந்தேன். ஏன் எழுப்பல?"

"தூங்குறவங்களை எதுக்கு எழுப்பணும்?"

எஸ்தர்மணிக்கு இந்தக் கேள்வி புதிது. தூக்க மாத்திரை கொடுப்பதற்காகத் தூங்குகிற நோயாளியை எழுப்புகிற வார்டில் வேலை பார்த்தவர் அவர்.

"அங்க அவரை யாரு பாத்துக்குவா?"

"யாருமில்ல," என்றாள் யோகேஸ்வரி.

எஸ்தர்மணி சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஓடினார். அறுபத்தொரு வயதில் ஓடக் கூடாத ஓட்டம். கட்டிலிலிருந்து விழுந்திருப்பார். புரை ஏறியிருக்கும். வழி நெடுக அவர் மனம் ஒவ்வொரு சாவாக எடுத்து எடுத்துக் காட்டியது.

கதவைத் திறந்தார்.

போகும்போது ஜெயசிங்கைச் சுவர்ப் பக்கம் பார்க்கப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது ஜெயசிங் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கம்பளி கால்மாட்டில் கிடந்தது. வலது கை மார்பின் மேல் இருந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

"நீங்களாத் திரும்பினீங்களா? நீங்களாவே? எங்க, இன்னொரு தடவை..."

ஜெயசிங் அவரைப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு நேராக, முகத்தைப் பார்த்தார்.

அந்தக் கண்ணில் பயம் இருந்தது.

எஸ்தர்மணி பயந்த கண்களை நிறையப் பார்த்தவர். ஊசிக்குப் பயம், கத்திக்குப் பயம், சாவுக்குப் பயம். இது எதைப் பார்த்து வந்த பயம் என்று முதலில் புரியவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். அறையில் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

சொல்ல வந்ததை முடிக்கவில்லை. கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். ஜெயசிங் முழுக்கக் குடித்தார்.

பிறகு எஸ்தர்மணி சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார்.

*

மாசி வந்தது. காலையில் வராந்தாவில் வெயில் விழும். ஜெயசிங்கின் சக்கர நாற்காலியை எஸ்தர்மணி அங்கே நகர்த்திக் கொண்டு வந்து வைப்பார். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் சட்டி. ஸ்டூலில் ஈரம் படாமலிருக்கச் சட்டிக்கு அடியில் அந்த நோட்டை வைத்திருந்தார். ஓரமெல்லாம் ஊறிப் போய்விட்டது.

பத்து நாளைக்கு ஒரு டம்ளர் ஊற்றினார். ஊற்றும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஊற்றினார். பார்த்தால் விரல் போகும், தன் விரலைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஜெயசிங்கைக் கழுவினார், உடுத்தினார், ஊட்டினார். பயிற்சிக்காரர் வாரத்தில் இரண்டு நாள் வந்து, அசைக்க வேண்டியதை அசைத்துவிட்டுப் போனார். மற்ற நேரத்தில் எஸ்தர்மணி எதையும் அசைக்கச் சொல்லவில்லை. அது சுலபமாக இருக்கவில்லை. நாக்கின் நுனியில் வந்து நிற்கும். எழுந்துபோய் ஒரு பாத்திரத்தைத் தேய்ப்பார். அந்த மாதம் அந்த வீட்டில் பாத்திரமெல்லாம் பளபளவென்று இருந்தது.

அலுப்பு போகவில்லை. கால் இன்னும் தெறித்தது. ஆனாலும் மத்தியானத்தில் நாற்காலிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து அரை மணி படுக்கப் பழகினார். ஜெயசிங் தூங்குகிறாரா என்று தலையைத் தூக்கிப் பார்க்காமல் படுத்தார்.

ஒரு சனிக்கிழமை பச்சைப் பட்டாணி வாங்கி வந்திருந்தார். வராந்தாப் படியில் ரோட்டைப் பார்க்க உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஜெயசிங், ஜெயசிங்குக்கு எதிரே சட்டி. ரோட்டில் கேரட் ஏற்றிய ஜீப் ஒன்று போயிற்று.

"வந்திருச்சு."

எஸ்தர்மணியின் கை நின்றது.

குரல் தடித்திருந்தது, இழுத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் குரல்தான். மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்ட குரல்.

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது அந்த வாக்கியம். இன்னொரு தடவை சொல்லுங்க. மடியில் செல்போன் இருந்தது. மகள் இந்நேரம் வீட்டில்தான் இருப்பாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி முகவாயிலிருந்து பட்டாணியில் விழுந்தது.

அவர் திரும்பவில்லை.

"சரிங்க," என்றார். அடுத்த பட்டாணியை எடுத்து உரித்தார். அதற்கடுத்ததையும் உரித்தார். இரண்டு பட்டாணி உருண்டு படியிறங்கிப் போயிற்று.

பாதிப் பட்டாணி உரித்து முடிந்தது.

"நீ..." என்றார் ஜெயசிங். மூச்சு வாங்கினார். "பா...க்கலியா?"

"நீங்க பாத்துட்டீங்கல்ல," என்றார் எஸ்தர்மணி.